பூதகணங்களுக்கு உப்பெடுத்த கோடை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம் முழுவதும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். வேதியியல் படித்து முடித்த கையோடு வேலை கிடைத்திருந்தது. சம்பளத்தைவிட, வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் கடற்கரைக்குப் போகலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பழைய கற்சிற்பங்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டு மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. அதில் என்னோடு சேர்ந்த இன்னொரு பெண் சாந்தோமைச் சேர்ந்தவள். அவள் அப்பாவும் அண்ணன்களும் கட்டுமரத்தில் போகிறவர்கள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சத்தமாக வந்துவிடும். எங்கள் அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்பார். அதற்கும் சிரிப்போம்.

எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பாறை மகாபலிபுரத்துக்குச் சற்று முன்னால், ஒரு சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலைப் பார்த்துக் கிடந்தது. பேர்போன சிற்பம் எதுவும் அதில் இல்லை என்பதால் சுற்றுலா பஸ் அங்கே நிற்பதில்லை. மேலே இருந்த தெய்வ உருவம் எந்தக் காலத்திலோ தேய்ந்து வெறும் புடைப்பாகிவிட்டது. ஆனால் அடியில் ஒரு வரிசை பூதகணங்கள் இருந்தன. குட்டைக் கால், பானை வயிறு, உப்பிய கன்னம். ஒன்று மத்தளம் அடித்தது, ஒன்று சங்கு ஊதியது, ஒன்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடியது. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தின கூட்டம் மாதிரி இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முகமே இல்லை.

முகத்தைத் தின்றது உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத் தண்ணீர் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் உள்ளேயே தங்கிப் படிகமாக வளரும். வளர்கிறதற்கு இடம் வேண்டுமே. கல்லை உள்ளிருந்தே நெம்பும். கருங்கல்லாக இருந்தாலும் மேல்தோல் பொரிந்து அப்பளம் மாதிரி உரிந்து விழும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற மூக்கு ஒருநாள் கையோடு வந்துவிடும்.

நாங்கள் செய்த வைத்தியம் கேட்பவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். மையொற்றும் தாளைக் கிழித்து, உப்பில்லாத சுத்தத் தண்ணீரில் ஊறவைத்து, தோசை மாவுப் பதத்துக்குக் கூழாக்குவோம். அதைச் சிற்பத்தின் மேல் தடிமனாக அப்புவோம். கூழின் தண்ணீர் முதலில் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். வெளியே காற்றுப் பட்டுக் கூழ் காயக் காய, உப்புத் தண்ணீர் கல்லிலிருந்து கூழுக்கு ஏறும். நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுத்துவிட்டுத் திரும்பவும் அப்ப வேண்டும். உப்பு குறைகிறவரைக்கும் இப்படியே. கூழ் பூசிய பூதகணங்களைப் பார்த்தால் முகச்சவரத்துக்கு நுரை போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் போலிருக்கும். என் தோழி ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று, "மீசைய எடுத்துர்லாமா நைனா?" என்று கேட்டுக்கொண்டே பூசுவாள்.

உரித்த தாளில் உப்பு இருக்கிறதா என்று மயிலாப்பூருக்குக் கொண்டுவந்துதான் சோதிப்போம். ஒருநாள் மத்தளக்காரன் வயிற்றில் மூன்றாம் முறை தாளை உரித்தபோது எங்களுக்குள் தகராறு வந்தது. உப்பெல்லாம் போய்விட்டது என்றாள் அவள். இல்லை என்றேன் நான். அதிகாரி தோப்புப் பக்கம் போயிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நான் குனிந்து மத்தளக்காரனின் வயிற்றை ஒரு நக்கு நக்கினேன்.

"இன்னாடி பண்றே?" என்றாள் அவள்.

"உப்பு இருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால், தாடியும் காவி வேட்டியும் பாசிமணியுமாக ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அந்தக் கடற்கரையில் அப்படிப்பட்டவர்கள் நிறையத் திரிவார்கள். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மெதுவாக வந்தார், செருப்பைக் கழற்றினார், மத்தளக்காரனுக்குக் கைகூப்பினார், மண்டியிட்டார், பயபக்தியோடு அதே இடத்தை நக்கினார். கண்ணை மூடிக் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, "சால்ட்டி" என்றார். எங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதிகாரி திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். எழ முடியவில்லை. விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவர் முகம் மாறவே இல்லை. "இனிமே எச்சிலையும் சேர்த்து எடுக்கணும்" என்றார். பிறகு, அடுத்த தடவையிலிருந்து சோதிக்கிற மருந்தை இங்கேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அந்த மருந்தால்தான் எனக்கு வினை வந்தது. வெள்ளி நைட்ரேட் என்று பெயர். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் பால் ஊற்றினது போல் வெள்ளையாகிவிடும். தோலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் பட்டபிறகு கறுக்கும். சோப்புக்குப் போகாது. தோல் தானாக உதிர்ந்து புதுத்தோல் வந்தால்தான் உண்டு.

அடுத்து நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. மருந்து பாட்டிலின் மூடியை நான் திறந்துகொண்டிருந்தபோது, தோழி அந்த வெள்ளைக்காரர் கண்ணை மூடிய மாதிரியே மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் "சால்ட்டி" என்றாள். என் கை ஆடிவிட்டது. விரலில் சிந்தியது. உடனே சுத்தத் தண்ணீரில் கழுவிக்கொண்டேன். ஆனால் கழுவுவதற்கு முன்னால், சிரித்துச் சிரித்து வேர்த்த முகத்தை ஒருதரம் விரலால் வழித்துவிட்டிருந்தேன். அது நினைவிலேயே இல்லை.

திரும்பி வரும்போது மேற்கு வெயில் இடது பக்கமாக முகத்தில் அடித்தது. திருவான்மியூர் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இன்னாம்மா, மீச வரஞ்சிகினு கீறே?" என்றார்.

தோழி என் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. அடையாறு பாலம் வருவதற்குள் ஜீப்பின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் எட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். மேலுதட்டின் இடது பாதியில், நன்றாக ஒதுக்கிவிட்ட மாதிரி, ஒரு கரும்பட்டை.

எனக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில்தான் ஞாபகம் வந்தது, மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது.

எங்கள் வீடு தியாகராய நகரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அப்பா அங்கேயே பாத்திரக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையை விட்டு நகரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த முறம் கீழே போய்விட்டது.

"ஏட்டி, என்னட்டி இது? யாரு பூசிவிட்டா?"

சொன்னேன். பாதிதான் அவள் காதில் விழுந்தது. அதற்குள் எலுமிச்சம்பழத்தை வெட்டியாயிற்று. எலுமிச்சை, புளி, பயத்தமாவு, தேங்காய் எண்ணெய், பாத்திரம் துலக்குகிற சாம்பல் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மீசையைச் சுற்றி முகம் சிவந்து பளபளவென்றாகி, மீசை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பவுடர் போட்டால் நீலம் பாய்ந்தது.

"வரவேண்டாம்னு சொல்லிவிடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"எப்படிச் சொல்ல? அவங்க வீட்டுல போன் இல்ல, நம்ம வீட்டுலயும் இல்ல" என்றார் அப்பா. அவர் என்னை நேருக்கு நேர் பார்க்காமலே பேசினார். பார்த்தால் சிரித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "அடுப்பூதும்போது கரி ஒட்டிக்கிட்டுன்னு சொல்லு. தலையக் குனிஞ்சே இரு."

மாப்பிள்ளை வீட்டார் அடையாறிலிருந்து வந்தார்கள். அவர்களும் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாவும் பிள்ளையும் மட்டும் அவன் ஸ்கூட்டரிலேயே வந்து இறங்கினார்கள். அவன் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய் மருந்து சிபாரிசு செய்கிற வேலை. நான் கேசரித் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டு போனேன். அந்த அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டே, தன் தலையையும் குனிந்து கீழிருந்து என்னைப் பார்த்தாள்.

"அது என்னம்மா உதட்டுக்கு மேல?"

என் அம்மா வாயைத் திறப்பதற்குள், "மரு சுடுற மருந்து" என்று மாப்பிள்ளை சொன்னான். "வெள்ளி நைட்ரேட். கறை பாத்தாலே தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டருக்குப் பத்து விரலும் இந்தக் கலர்தான்."

"மரு எல்லாம் கிடையாது" என்றாள் என் அம்மா அவசரமாக. "அடுப்புக் கரி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை நிமிர்த்திவிட்டேன். கரி இல்லை, மருவும் இல்லை என்று ஆரம்பித்து, பாறை, பூதகணங்கள், கடற்காற்று, கல்லுக்குள் வளரும் உப்பு, காகிதக் கூழ் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நக்கினதை மட்டும் விட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவ்வளவு பேசின பெண் எங்கள் தெருவிலேயே இருந்திருக்க மாட்டாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"உப்ப உறிஞ்சி எடுக்குமா அந்தக் கூழு?"

"எடுக்கும்."

"சுவத்துல இருந்தும் எடுக்குமா? எங்க வீட்டு நடுக்கூடத்துச் சுவரு, ஆத்து முகத்துவாரத்துக் காத்து, உப்பாப் பூக்கு. வருஷம் ரெண்டு தடவ வெள்ளையடிக்கேன். பொரிஞ்சு பொரிஞ்சு சாமி படத்து மேலயே விழுது."

சுவர் செங்கல்லா, பூச்சு சுண்ணாம்பா, எந்த உயரம்வரை பூக்கிறது என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் எழுந்து நின்று தன் இடுப்புவரை கையால் காட்டினாள். பேச்சு முழுக்கச் சுவரிலேயே போய், அவர்கள் கிளம்பும்போது இருட்டிவிட்டது. ஸ்கூட்டரில் ஏறும்போது மாப்பிள்ளை என் மீசையைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த ராத்திரி எனக்குப் படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. மீசை சாம்பல் நிறமாகி உதிர ஆரம்பித்திருந்தது. அம்மா யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்போது ஒரு மாலை அந்த அம்மாள் தனியாக பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பரபரவென்று பாய் விரித்து, காபி போட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வந்தவள் காபியைக் குடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "ஞாயித்துக்கிழம வந்து சுவத்தப் பாத்துரும்மா. எத்தன தாள் வேணும்னு மட்டும் சொல்லிரு, பையன் வாங்கிட்டு வந்துருவான்" என்றாள். சொன்னேன். போய்விட்டாள்.

"பொண்ணப் பாத்துட்டுப் பதில் சொல்லல. சுவத்தப் பாக்கக் கூப்பிடுதா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. தோழி கூட வருவாள் என்ற நிபந்தனையில் என்னை அனுப்பினாள்.

அந்த வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மையொற்றும் தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அண்டா நிறைய நாங்கள் சொல்லியிருந்த சுத்தத் தண்ணீர் இருந்தது. அவனுக்குத் தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தான். ஊறின தாளை அவன் அம்மா ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினாள். "உளுந்த விட நல்லாப் பொங்குது" என்றாள். நாங்கள் நான்கு பேரும் முழங்கை வரை கூழோடு சுவரில் அப்பினோம். மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். மாப்பிள்ளை அப்பின இடம் மட்டும் கனம் தாங்காமல் வழுக்கிக்கொண்டே இறங்கியது. அவன் கையால் தாங்கிப் பிடித்தபடி, "யாராச்சும் வாங்களேன்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். தோழி தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அது காய்ந்தபிறகு அடுத்த ஞாயிறு மறுபடியும் போனோம். உரித்த தாளில் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கண்ணாடிக் குழாயில் வடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டேன். குழாய் முழுக்கப் பால் வெள்ளை.

"இன்னொருக்கா காட்டு" என்றாள் அந்த அம்மாள். காட்டினேன். மூன்றாவது தடவை அவளே சொட்டு விட்டாள். "என் வீட்டுச் சுவத்துல இவ்வளவா இருந்துச்சு" என்று பெருமையாகச் சொன்னாள்.

உண்மையையும் சொல்லியாக வேண்டுமே. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறவரை உப்பு மறுபடியும் வரத்தான் செய்யும், இது முழுசாகத் தீர்வதில்லை என்றேன். பாறைக்கும் அப்படித்தான், கடல் பக்கத்திலேயேதானே இருக்கிறது என்றேன்.

மாப்பிள்ளை கேட்டான். "அப்ப எதுக்கு அங்க போய் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

"மூக்கு இருக்கிற பூதம் நாலஞ்சுதான் மிச்சம்" என்றேன். "நாங்க எடுத்துக்கிட்டே இருந்தா, எங்க காலத்துல விழாது."

"நான் அதப் பாக்கணும்" என்றான்.

அடுத்த முறை நாங்கள் பாறையில் இருக்கும்போது, மணலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, கழுத்துப்பட்டையோடு வந்து நின்றான். செங்கல்பட்டில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிற வழி என்றான். செங்கல்பட்டு எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சும்மா நிக்காதீங்க சார், அந்த வாளிய எடுங்க" என்றார்.

அன்றைக்குச் சங்கூதிக்குக் கடைசித் தாள். ஓரத்தை நெகிழ்த்தி நான் மெதுவாக உரித்தேன். தாளோடு கன்னத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கும் சேர்ந்து வந்தது. அதற்கு முன்னால் அந்த முகம் வெறும் உருண்டையாகத்தான் தெரியும். இப்போது பார்த்தால், கன்னத்தில் உளி கீறிய நுண்ணிய கோடுகள். ஊதுகிறபோது விழும் சுருக்கம். சங்கில் பொருந்தாத பக்கம் உதடு கொஞ்சம் விலகி, வரிசையாக மூன்று பல். அவன் ஊதவில்லை. ஊதமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மத்தளக்காரன் ஏதோ சொல்லியிருக்கிறான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, அந்த வருஷம் முழுவதிலும் முதல் தடவையாக, சிரித்தார். அதைப் பார்த்த டிரைவர் தோப்பிலிருந்து ஓடிவந்து, "இன்னா ஆச்சு? யாரு இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டார்.

வாளியைக் கடற்கரையில் கழுவும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான். "கூறைப்புடவை எடுக்க என்னைக்கு வசதின்னு உங்க வீட்டுல கேட்டாங்களா?" என்றான்.

"எந்தக் கூறைப்புடவை?"

"நம்ம கல்யாணத்துக்கு. அம்மா அன்னைக்கு பஸ்ஸுல வந்ததே அதச் சொல்லத்தானே. பொண்ணு புடிச்சிருக்கு, ஆவணியில வச்சுக்கலாம்னு."

"சுவரப் பத்திதான் சொன்னாங்க" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"எத்தன தாள்னு கேட்டாங்க."

அவன் ஈரக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு வாரமா நீங்கதான் பதில் சொல்லலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். என் கையிலிருந்த வாளியை அலை எடுத்துக்கொண்டு போயிற்று. அதன் பின்னாலேயே செருப்போடும் கழுத்துப்பட்டையோடும் அவன் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியைத் தூக்கிக் காட்டினான். கரையில் நின்று நான் கைதட்டினேன். தலை லேசாகச் சுற்றியது. வெயிலாகவும் இருக்கலாம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தோழி தாலி கட்டுகிற நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு கண்ணை மூடி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று தெரியாத புரோகிதர், பெண் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

நான் அந்த வேலையில் பல வருஷம் இருந்தேன். பாறைக்கும் கடலுக்கும் நடுவே பிற்பாடு இன்னும் இரண்டு வரிசை சவுக்கு வைத்தார்கள். காற்று கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆடுகிறவனின் தூக்கிய கையில் ஒன்றை ஒரு மழைக்காலத்தில் இழந்தோம், அதைத் தடுக்க முடியவில்லை. மற்றவர்கள் நான் ஓய்வு பெறும்போது அப்படியே இருந்தார்கள்.